கல்லில் என்ன எழுதுவது?

முதல் நாள் – சென்னை

எங்கள் ஊரில் இருந்து ராணுவத்துக்குப் போய் வீரப் பதக்கம் வாங்கியவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு ஊர் நடுவில் ஒரு நினைவுச் சின்னம் வைப்பது என்று முடிவாகி எட்டு மாதம் ஆகிறது. இடம் கிடைத்துவிட்டது. பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. குழுவில் பதினொரு பேர், யோசனை மட்டும் பன்னிரண்டு. ஒருவருக்கு வெண்கலச் சிலை வேண்டும். இன்னொருவருக்குப் பழைய டாங்கி ஒன்றைக் கேட்டு வாங்கி நிறுத்த வேண்டும். இளைஞர் ஒருவர் மூவர்ண விளக்குப் போட்டு ‘செல்ஃபி பாயின்ட்’ வைத்தால்தான் ஜனம் வரும் என்றார். மூவரில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். 1971 போரில் வீர சக்ரா வாங்கியவர். அவர் கூட்டத்துக்கே வரவில்லை. “எனக்கு இன்னாத்துக்குக் கல்லு? நான் இன்னும் சாவலியே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கல்லில் பொறிக்கும் வாசகத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் வாத்தியார் என்றால் இதெல்லாம் வரும். ‘தாய்மண் காக்கத் தன்னுயிர் ஈந்த’ என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதி, முதலில் என் தாய்மாமாவிடம் காட்டினேன். ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “டேய், பேர மட்டும் மாத்திட்டா இத எந்த ஊர்க் கல்லுல வேணாலும் வெக்கலாம்டா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பயணம். ஏற்கெனவே நட்ட கற்களில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து அப்புறம் எழுதலாம் என்று இரண்டு பேரும் காலையில் காட்பாடியில் ரயில் ஏறினோம்.

சென்ட்ரலில் இறங்கி முதலில் போனது கடற்கரைச் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு. கோட்டைக்குத் தெற்கே, தீவுத்திடல் பக்கம். சென்னைக்கு வந்து போகிற யாரும் பஸ் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருப்பார்கள், பார்த்தோம் என்று தெரியாமலே. முதல் உலகப் போரில் நேசநாடுகள் வென்றதற்காகக் கட்டியது. பிறகு இரண்டாம் உலகப் போரும் இதில் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், பாகிஸ்தானோடு நடந்த போர்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது மாதிரி.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ‘விக்டரி வார் மெமோரியல்’ என்று இதன் பெயரிலேயே ‘வெற்றி’ இருக்கிறது. ஜெயித்ததைக் கொண்டாடக் கட்டிய இடத்தில் செத்தவர்களைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கட்டுகிறபோது யாரை நினைத்துக் கட்டினார்கள் என்பது கட்டடத்தின் நடையிலேயே தெரிந்துவிடுகிறது. குழுவில் டாங்கி கேட்டவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைக் குண்டு போட்டுத் தாக்கியதற்கான அடையாளம். துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன, ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பியது. அந்தக் கப்பல் அடுத்த நவம்பர் 9-ம் தேதியே கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடி வாங்கி ஒழிந்தது. ஆனால் நம் பேச்சில் இன்னும் மிதக்கிறது. “அவன் சரியான எம்டன்” என்று சொல்லாத தெரு உண்டா? அதே போரில் இந்தியாவில் இருந்து போய்த் திரும்பாத சிப்பாய்கள் 74,000 பேருக்கு மேல். அவர்களில் ஒருவன் பெயர்கூட நம் வாயில் தங்கவில்லை. குண்டு போட்டவன் பெயர் தங்கிவிட்டது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “அவன் வூட்டு வாசல்ல வந்து அடிச்சான். நம்மாளு எங்கியோ போயி செத்தான். கண்ணால பாத்ததுதான்டா ஞாபகம் இருக்கும்” என்றார்.

ராத்திரி லாட்ஜில் அவர் டெல்லி போய் வந்த கதையைச் சொன்னார். இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25-ம் தேதி திறந்த தேசியப் போர் நினைவகம். வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சக்கரம். வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசனின் குழு. இது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. சுதந்திரத்துக்குப் பின் இறந்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கிரானைட்டில் ஒவ்வொன்றாக வெட்டியிருக்கின்றன. மாமா தன் பட்டாளக் கம்பெனிக்காரர் ஒருவர் பெயரைத் தேடி ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கிறார். “கெடச்சுதா?” என்று கேட்டேன். “கெடச்சுது. வெரல வெச்சுத் தேச்சுப் பாத்தேன். நல்லா ஆழமா வெட்டியிருக்கான்” என்றார். சிலை, விளக்கு, அணையா ஜோதி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் நாள் – சென்னை

நந்தம்பாக்கம். மவுன்ட் – பூந்தமல்லி சாலையில் போர் வீரர்கள் கல்லறைத் தோட்டம். சாலை இரைச்சல் பின்னால் இருக்க, உள்ளே புல்வெளி. தெற்கு, கிழக்கு இந்தியாவில் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்ச் சடலங்களை எடுத்து வந்து ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்க 1952-ல் அமைத்த இடம். எண்ணூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பின்பக்கம் முதல் உலகப் போர்க்கால நினைவுச் சுவர். வேறு ஊர்களில் புதைத்து, கல்லறையைக் காப்பாற்ற முடியாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஒரு விதி உண்டு. அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற பேதம் கிடையாது. அளவு ஒன்று, வடிவம் ஒன்று. 1917-ல் ஆரம்பித்த காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் இதை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கின்றன. விதி மாறவில்லை. பெரிய பதக்கம் வாங்கியவனுக்குக் கல்லில் ஒரு சின்ன அடையாளம் உண்டு, அவ்வளவுதான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கல்லின் அடியில் குடும்பம் தன் பங்குக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். முதல் உலகப் போர்க் கற்களுக்கு இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்துதான் கணக்கு. முதலில் எழுத்துக்கு மூன்றரை பென்னி வீதம் கேட்டிருக்கிறார்கள், பிறகு விருப்பம் இருந்தால் கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் எழுத்துக் கணக்குப் பார்த்த கதையைக் கேட்டதும் மாமா ரொம்ப நேரம் சிரித்தார். “மிலிட்டரின்னா எல்லா நாட்லயும் ஒண்ணுதான்டா.”

வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போனோம். இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது. வயதைப் பார்க்கப் பார்க்க என் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. மாமா சட்டென்று கேட்டார்: “இதுல நம்ம சுப்பிரமணியன் இருக்க மாட்டாரில்ல?” இருக்க மாட்டார். சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்துப் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். மாமாவின் சாப்பர்ஸ்தான். 1944 பிப்ரவரி 24-ம் தேதி இத்தாலியில் மிஞானோ அருகே கண்ணிவெடி எடுக்கும்போது, கூட இருந்தவன் மிதித்த வெடி கிளம்புவதற்குள் அதன் மேல் விழுந்து படுத்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டிஷ் அரசின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். உடலை எரித்துவிட்டதால் அவருக்குக் கல்லறை இல்லை. இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையில், எரிக்கப்பட்டவர்களுக்கான நினைவிடத்தில் பெயர் இருக்கிறது. கீழ் ஒட்டிவாக்கம் எங்கே, சாங்ரோ எங்கே! மெட்ராஸ் சாப்பர்களை ‘தம்பி’ என்றுதான் பட்டாளத்தில் கூப்பிடுவார்கள். “அவரும் தம்பிதான், நானும் தம்பிதான்” என்று சொல்லிவிட்டு மாமா ஒரு கல்லின் மேல் இருந்த சருகைத் தட்டிவிட்டார்.

மத்தியானம் ஆற்காடு சாலை வழியாக சாலிகிராமம் போனோம். பார்க்கப் போனது நினைவுச் சின்னத்தை அல்ல, ஒரு பெயர்ப்பலகையை. பரமேஸ்வரன் விஹார், ராணுவத்தினர் குடியிருப்பு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், போர்க்கள வீரத்துக்கான மிக உயரிய பதக்கமான பரம்வீர் சக்ரா பெற்றவர். நாட்டில் இதுவரை அந்தப் பதக்கம் பெற்றவர்களே 21 பேர்தான். பிறந்தது மும்பையில், அதிகாரியாகப் பயிற்சி முடித்தது சென்னையில், 1972-ல். அப்படியானால் அவர் எந்த ஊர்க்காரர்? எங்கள் குழுவில் இதற்கே ஒரு மாலை முழுக்கப் போனது: பிறந்த ஊரா, படித்த ஊரா, பெண் கொடுத்த ஊரா என்று.

ஆனால் மாமா அந்தப் பலகை முன்னால் நின்றபோது இதையெல்லாம் யோசிக்கவில்லை என்று தெரியும். பரமேஸ்வரன் இறந்தது 1987 நவம்பர் 25, இலங்கையில். இந்தியா அனுப்பிய அமைதிப்படை. தேடுதல் முடிந்து இரவில் திரும்பும்போது விடுதலைப் புலிகள் வளைத்துத் தாக்கினார்கள். மார்பில் குண்டு வாங்கிய பிறகும் எதிரில் நின்றவனின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், சாகும் வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பதக்கக் குறிப்பு. எதிரில் நின்றவனும் தமிழ் பேசியவன். இதை எழுதாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மாமாவும் அங்கே இருந்தவர். கண்ணிவெடி எடுக்கும் வேலை. அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அன்றைக்கு ஊர் மனநிலையும் அதுதான். நான் பள்ளிக்கூடத்துப் பையன், எனக்கும் அதுதான் மனநிலை. மாமா ஊருக்கு வந்தபோது நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று முப்பத்தைந்து வருஷம் கழித்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

“பஸ்ல வரும்போது யூனிபார்ம் போடாதன்னு சொல்லி அனுப்பினாங்க. வேட்டி கட்டினு வந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க ஒரு கெழவி தெனம் தண்ணி குடுக்கும், நம்ம ஊர்ப் பேச்சு மாதிரி இல்ல, ஆனா தமிழு. ஒரு நாள் அந்த வூடு இல்ல” என்றார். யார் சுட்டது, யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது. இன்னொன்று சொன்னோம்.

எங்கள் ஊர் மூவரில் இரண்டாமவர் அங்கே இறந்தவர். 1988. சேனா பதக்கம். குழுவில் ஒருவர், ரொம்ப நல்ல மனிதர், ‘எந்த இடம் என்று போட வேண்டாமே, பேர், பதக்கம், வருஷம் போதும், எதற்கு வம்பு’ என்றார். அன்று எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இலங்கை அரசு கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் அமைதிப்படைக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலும் ஒன்று இருக்கிறது. அங்கே எழுத முடிந்ததை நாம் மறைப்பது விசித்திரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் நாள் – திருச்சி

ரயிலில் தூக்கம் இல்லை. மாமா பக்கத்து பர்த் ஆளிடம் பதக்க வகுப்பே எடுத்துவிட்டார். போர்க்களத்தில் எதிரிக்கு எதிரே காட்டிய வீரத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர சக்ரா. மற்ற சமயங்களில் காட்டிய வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் சோபியானில் தீவிரவாதிகளோடு மோதி இறந்ததற்கு அசோக சக்ரா கிடைத்தது இதனால்தான். எங்கள் ஊர் மூன்றாமவர் சௌர்ய சக்ரா. ‘போர் வீரர்’ என்று தலைப்புப் போட்டால் அவர் உள்ளே வருவாரா என்று கேட்ட புத்திசாலியும் குழுவில் உண்டு.

காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்விட்டோம். வெங்காய மூட்டைகள், தள்ளுவண்டிகள், லாரி ஹாரன். அதற்கு நடுவே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம், மணிக்கூண்டோடு. அந்தக் காலத்தில் சென்னை ராஜதானி முழுக்க இந்த மாதிரிக் கல் வைத்தார்கள். வாசகம் கிட்டத்தட்ட ஒரே அச்சு: இந்த ஊரில் இருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். திருச்சியில் போனவர்கள் முந்நூற்றுச் சொச்சம், திரும்பாதவர்கள் நாற்பத்துச் சொச்சம்.

எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. நாற்பது பேரின் பெயர் வெட்ட எவ்வளவு கல் ஆகியிருக்கும்? கறிவேப்பிலைக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் இது என்னவென்று கேட்டேன். “மணிக்கூண்டு” என்றார். தப்பில்லை. கடிகாரம் வைத்தவர்கள் பெயர்களையும் வைத்திருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

கன்டோன்மென்டில் வேறு மாதிரி. ஆட்டோவில் ஏறி ‘மேஜர் சரவணன் நினைவுத்தூண்’ என்றதும் மேற்கொண்டு கேள்வியே இல்லை, வண்டி கிளம்பிவிட்டது. மேஜர் மாரியப்பன் சரவணன், பிறந்தது ராமேஸ்வரம், சொந்தம் கொண்டாடுவது திருச்சி. பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 1999 மே 29, கார்கில் போரில் பட்டாலிக் மலைமுகட்டில் இறந்தார். உடலை எடுத்து வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மேலே எதிரி இருக்கும் வரை யாரும் கிட்ட நெருங்க முடியவில்லை. வீர சக்ரா. ஒவ்வொரு ஜூலை 26-ம் தேதியும் இங்கே மலர் வைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடந்துபோகும் வழியில் இருக்கிறது. எனக்கு இடம்தான் பிடித்தது: மரியாதையாக ஒதுக்கி வைக்காமல், ஊர் நடமாடுகிற வழியிலேயே வைத்திருக்கிறார்கள்.

மாமா தூணைப் பார்த்து நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தார். ஆட்டோக்காரரும் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அது என்ன பழக்கமோ, எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது மாமா சொன்னது: “மெடலுக்கு சாட்சி வேணும்டா. பாத்தவன் உயிரோட வரணும், வந்து எழுதணும், கமாண்டிங் ஆபீசர் மேல அனுப்பணும். எல்லாரும் செத்துட்டா யார் எழுதறது?” சீனப் போரில், 1962 நவம்பர் 18, லடாக்கின் ரெசாங் லா கணவாயில் நடந்த கதையைச் சொன்னார். குமாவோன் ரெஜிமென்டின் ஒரு கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த மலையிலேயே முடிந்துபோனார்கள். பிழைத்து வந்த சிலர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. மறுவருஷம் ஆட்டிடையன் ஒருவன் பார்த்து வந்து சொன்ன பிறகுதான், பனியில் உறைந்து, கையில் ஆயுதத்தோடு கிடந்தவர்களைக் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் ஊர்ப்பக்கமான ஹரியானாவின் ரேவாரியில் பிறகு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ஆட்டிடையன் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்?

எங்கள் ஊரில் பதக்கம் மூன்று. பதக்கம் இல்லாமல் இறந்தவர்கள் ஏழு. கல் அந்த மூவருக்குத்தான் என்பது தீர்மானம்.

நான்காம் நாள் – செங்கம்

பஸ், பஸ், இன்னொரு பஸ். முதுகு போய்விட்டது. திருவண்ணாமலையில் சாப்பிட்டுவிட்டு செங்கம் பக்கம் போனோம். வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். செங்கம் வட்டாரம் நடுகற்களின் காடு. பல்லவர் காலத்தில் இருந்து வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று நட்டு வைத்திருக்கிறார்கள். பலகைக்கல்லில் வில்லும் வாளும் ஏந்திய ஆள், சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். சிலதை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். நாங்கள் பார்த்த கல்லில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. எண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன உருவம் மட்டும். முன்னால் புதுசாக ஒரு எலுமிச்சம்பழம்.

அந்தக் கல் முன்னால் உட்கார்ந்து மாமாவுக்கு எடுத்தனூர்க் கல்வெட்டைச் சொன்னேன். இதே வட்டாரம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காக்கப் போராடிப் ‘பட்டான்’, அதாவது இறந்தான். அவனுக்கு வைத்த கல். அதோடு முடியவில்லை. கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கல்லில் நாயின் உருவமும் உண்டு.

“நாய்க்குமா?” என்றார் மாமா.

“நாய்க்கும் பேரோட.”

“அப்ப எவனோ கிட்ட நின்னு பாத்திருக்கான்” என்றார்.

இதைவிடப் பழசு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்தவை. தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு கல்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்த சண்டையில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல். எவன், எந்த ஊர்க்காரன், எங்கே, எதில். அவ்வளவுதான். தாய்மண் இல்லை, வீர வணக்கம் இல்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் எழுதிய வாசகம், நான் எழுதிய நான்கு வரியைவிடச் சுருக்கம். அதன் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊர்க் கல்லில் வைக்கவே முடியாது.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு துறை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு இதை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். காட்சி என்றால் கல்லைத் தேடிக் காண்பது என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதற்கு நான்கு நாள் பஸ்ஸில் முதுகு வலிக்க அலைய வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது. வாழ்த்து கடைசியில் வருகிறது. நான் அதில்தான் ஆரம்பித்திருந்தேன்.

இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். லாட்ஜுக்கு வந்து பழைய நான்கு வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். பெயர், இன்னார் மகன், எங்கே, எப்போது. பதக்கம் இருந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி, நந்தம்பாக்கத்தில் பார்த்த மாதிரி. பத்து வரிசை. உயிரோடு இருப்பவரை எப்படி எழுதுவது என்று யோசித்தபோது மாமா, “அவர் கேக்கலன்னாலும் எழுது. திட்டுவாரு, திட்டட்டும்” என்றார்.

ஐந்தாம் நாள் – வீடு

காலையில் குழுத் தலைவர் வீட்டுக்குப் போய்த் தாளைக் காட்டினேன். மூன்று பத்தானதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘எங்கே’ என்ற கட்டத்தைத்தான் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார். “குடும்பத்தைக் கேட்டுடுங்க சார். அவங்க சரின்னா எனக்கும் சரி” என்றார். நியாயமான பேச்சு. டாங்கி கேட்டவருக்கு மட்டும் முகம் இல்லை. நாளைக்குச் சமாதானம் செய்ய வேண்டும்.

அங்கிருந்து நேரே கல்பட்டறை. கல்வெட்டுகிறவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்துக் கணக்கு என்றார். மாமா என்னைப் பார்த்தார். மூன்றரை பென்னி ஞாபகம் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. ஆழம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். மாமா தன் ஆட்காட்டி விரல் நகத்தைக் காட்டி, “கண்ணு தெரியாதவன் தடவினாலும் படிக்கணும்” என்றார்.

பட்டறையில் இருந்தே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். 1988-ல் மகனைக் கொடுத்தவர். மகள் வீட்டோடு ஆரணியில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது, மகள் நடுவில் நின்று கத்திக் கத்திச் சொன்னார். பட்டாளக் காகிதங்களில் பெயர் ஒரு மாதிரியாகவும் ஸ்கூல் சர்டிபிகேட்டில் வேறு மாதிரியாகவும் இருந்ததால், இனிஷியலை எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

“அவங்கப்பா பேர முழுசா போடச் சொல்லு. எடம் இருக்கா கேளு” என்று பின்னால் இருந்து குரல் கேட்டது. இருக்கிறது என்றேன்.

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்குக் கொஞ்சம் தயக்கம். எந்த இடத்தில் இறந்தார் என்பதைக் கல்லில் போடலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். மகள் அம்மாவிடம் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் அந்த அம்மாவே போனை வாங்கிவிட்டார்.

“முல்லைத்தீவு. தந்தியில அப்படித்தான் இருந்துச்சு. தப்பில்லாம எழுதுப்பா.”

கல்வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதிப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். ஆறு எழுத்து.

“புள்ளிக்குக் காசு கெடையாது” என்றார்.